மோட்டார் சைக்கிளில் நெடுவழிப் பயணம்

மோட்டார் சைக்கிளைப் பற்றி நம் நாட்டில் இரண்டு வகையான பேச்சு வழங்கி வருகிறது. இளைஞர் பேசும் பேச்சு ஒன்று. அவர்களைப் பெற்றவர் பேசும் பேச்சு மற்றொன்று. முன்னதில் காற்றும் மலையும் விடுதலையும் நிறைந்திருக்கும். பின்னதில் ஆஸ்பத்திரியே நிறைந்திருக்கும். இரண்டும் உண்மையாக இருப்பதுதான் இதில் உள்ள சங்கடம். நாற்பது வயதைக் கடந்தும் அந்த வண்டியை விடாத நம் போன்றவர்கள் இவ்விரண்டு பேச்சுக்கும் நடுவே அகப்பட்டுக் கொண்டவர்கள். அந்த நடுவிடத்தில் நின்றுகொண்டு சில செய்திகளை நேயர்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறோம்.

ரயிலில் செல்பவர் நாட்டைச் சன்னல் வழியே காண்கிறார். காரில் செல்பவரும் அவ்வாறே. அவருடைய சன்னல் சற்றுப் பெரிது, அவ்வளவே. மோட்டார் சைக்கிளில் செல்பவருக்குச் சன்னல் இல்லை. அவர் நாட்டைக் காண்பதோடு அதனை முகரவும் செய்கிறார். அதன் சூட்டையும் குளிரையும் தோலால் அளக்கிறார். தை மாதத்தில் டில்லியிலிருந்து மீரட் வழியாக வடக்கே செல்லும் சாலையை எடுத்துக்கொள்வோம். கரும்புக் காடுகளின் நடுவே சிறு சிறு கொட்டகைகளில் வெல்லம் காய்ச்சுவார்கள். அந்தப் பாகின் மணம் கொட்டகை கண்ணுக்குத் தெரியும் முன்னரே வந்து எதிர்கொள்ளும். சாலை கங்கைக் கால்வாயை அணுகும்போது காற்று சட்டென்று ஈரமாகிக் குளிரும். பத்து நிமிஷம் கழித்து மீண்டும் உலரும். நாலு சக்கர வண்டிக்குள் அமர்ந்திருப்பவருக்கு இந்த மாறுதல் நிகழ்ந்ததாகவே தெரியாது. ஊருக்கு ஊர் காற்று வேறு என்பதை நாம் புத்தகத்தில் கற்றவரல்லோம். இந்த வண்டியின் மேல் அமர்ந்தே கற்றோம்.

இத்தகைய பயணத்துக்கு உகந்த வண்டியை ஆங்கிலத்தில் ‘டூரிங்’ வண்டி என்பர். மொழிபெயர்ப்பையே ஜீவனமாகக் கொண்டவர் நாம். ஆதலால் இதற்குத் தமிழ் தேடாமல் இருக்க இயலவில்லை. ‘சுற்றுலா வண்டி’ என்றால் நாற்பது பேர் அமர்ந்த பஸ் கண்முன் வந்து நிற்கிறது. ‘யாத்திரை வண்டி’ என்றாலோ காசிக்குப் போவதாகி விடும். ‘நெடுவழி வண்டி’ என்பது ஒருவாறு பொருந்துகிறது. அதிலும் நெடுமை வழிக்கே உரியது, வண்டிக்கு அன்று. வண்டி வாங்கச் செல்லும் பலர் இந்த இலக்கணத்தை மறந்து விடுகிறார்கள். அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

சன்னல் இல்லாத இன்பத்தைக் கூறினோம். சன்னல் இல்லாதவனுக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை என்பதையும் கூற வேண்டும் அன்றோ? 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் நிகழ்ந்த விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது. அவர்களுள் 100-க்கு 44.5 பேர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்லர், பின்னால் அமர்ந்திருந்தவர்கள். பெற்றோர் பேசும் பேச்சு வெறும் அச்சத்தால் எழுந்ததன்று என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

தலைக்கவசத்தின் வரலாறு ஒன்று உண்டு. அதனை அறிந்தவர் நம்மில் சிலரே. முதல் உலகப் போரின்போது அரேபியாவில் புகழ் பெற்ற டி. இ. லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர், பின்னாளில் விமானப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து சில காலம் கராச்சியிலும் எல்லைப்புறத்திலும் பணியாற்றினார். மோட்டார் சைக்கிளின் மேல் அவருக்கு அளவு கடந்த பற்று. ‘பிரஃப் சுப்பீரியர்’ என்னும் விலை உயர்ந்த வண்டிகள் ஏழினை ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருந்தார். எட்டாவது வண்டிக்கும் சொல்லி வைத்திருந்தார். 1935 மே 13 அன்று, தம் குடிலுக்கு அருகே, சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாதிருக்க வண்டியைத் திருப்பினார், தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவிழந்து கிடந்து மே 19-இல் உயிர் நீத்தார்.

அவருக்குச் சிகிச்சை செய்ய வந்தவர்களுள் ஹியூ கெயின்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர் ஒருவர். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். இத்தகைய சாவு தடுக்கத் தக்கதன்றோ என்னும் எண்ணம் அவரை விடவில்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின் அவர் கணக்கெடுக்கத் தொடங்கினார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் சென்றோரும் பின்னால் அமர்ந்தோருமாக 2,279 பேர் சாலையில் மாண்டிருந்தனர். கவசம் அணிந்திருந்து அடிபட்டவர் எழுவரை மட்டுமே அவரால் காண முடிந்தது. அந்த எழுவரும் பிழைத்திருந்தனர். 1941 அக்டோபரில் இதனை மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். அடுத்த மாதமே பிரிட்டிஷ் ராணுவம் தன் வீரர்கள் மோட்டார் சைக்கிளில் செல்லும்போது கவசம் அணிய வேண்டும் என்று உத்தரவிட்டது. எழுவர் என்பது மிகச் சிறிய எண்தான். பின்னர் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளை ஒருங்கே வைத்துப் பார்த்தவர்கள், கவசம் சாவை 100-க்கு 42 என்ற அளவிலும், தலைக் காயத்தை 100-க்கு 69 என்ற அளவிலும் குறைக்கிறது என்று கண்டனர். பாலைவனத்தில் லாரன்ஸ் செய்த வீரச் செயல்களைவிட, அவருடைய சாவு காப்பாற்றிய உயிர்களே மிகுதி என்பது நம் கருத்து.

டில்லி நகரிலேயே ஒரு விசித்திரம் நெடுநாள் இருந்தது. ஓட்டுகின்ற கணவர் கவசம் அணிவார். பின்னால் அமரும் மனைவி அணிய வேண்டியதில்லை. பெண்களுக்கு அது அவரவர் விருப்பம் என்று விதி இருந்தது. 2014-ஆம் ஆண்டில்தான் அவ்விதி மாற்றப்பட்டு, சீக்கியப் பெண்மணிகள் நீங்கலாக எல்லாப் பெண்களும் அணிய வேண்டும் என்றாயிற்று. சாலையில் கிடக்கும் கல்லுக்கு ஆண் தலை, பெண் தலை என்ற வேற்றுமை தெரியுமோ? பின்னிருக்கையை ஆங்கிலத்தில் ‘பில்லியன்’ என்பார்கள். குதிரைச் சேணத்தின் பின்னால் பெண்கள் அமர்வதற்கு இட்ட சிறு மெத்தைக்கு வழங்கிய சொல் அது. குதிரை போய் எஞ்சின் வந்தது. பின்னால் அமர்பவர் ஒரு மூட்டை போன்றவர் என்னும் எண்ணம் மட்டும் போகவில்லை. நம் வீட்டில் இரண்டு கவசம் உண்டு. இரண்டும் இந்தியத் தர நிர்ணய முத்திரை பெற்றவை. மனைவியாருடையது நம்முடையதைவிட விலை உயர்ந்தது. அவரே கடைக்கு வந்து தேர்ந்தெடுத்தார்.

இனி வண்டியைப் பற்றி. நாம் கலைப் பட்டதாரி, எந்திரவியல் கற்றவரல்லோம். எனினும் பல ஆண்டுப் பழக்கத்தால் சில தெளிவாயின. நெடுவழிக்கு எந்த வண்டி நல்லது என்று கேட்பவரிடம் நாம் முதலில் கேட்பது, ‘பையும் பெட்டியும் கட்டிய வண்டி ஈரமண்ணில் சாய்ந்து விழுந்தால் உங்களால் தூக்க முடியுமா?’ என்பதே. ஜெர்மனியில் செய்த ‘பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ்.’ என்னும் பெருவண்டி 249 கிலோ எடை; 136 குதிரைச் சக்தி. அழகிய வண்டிதான். அதன் இருக்கையோ தரையிலிருந்து 85 சென்டிமீட்டர் உயரம். ஐந்தடி ஐந்தங்குலம் உள்ள நம்மவர் ஒருவர் அதில் அமர்ந்தால் கால் விரல்கள் மட்டுமே தரையைத் தொடும். சரளைக்கல் சரிவில் அந்த 249 கிலோ ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கினால், 136 குதிரைகளுள் ஒன்றுகூட உதவிக்கு வராது.

நம் நாட்டில் நெடுவழி வண்டி என்றவுடன் நினைவுக்கு வருவது ‘புல்லட்’. அப்பெயர் இங்கிலாந்தில் 1932-ஆம் ஆண்டு பிறந்தது. நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சி.சி. புல்லட்டுகளை வாங்கத் தொடங்கியதன் பயனாக, 1955-இல் ‘என்ஃபீல்ட் இந்தியா’ என்னும் கம்பெனி அமைந்தது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970-ஐ ஒட்டி மூடப்பட்டது, திருவொற்றியூர் மூடவில்லை. பெற்ற நாடு கைவிட்ட வண்டியை வளர்த்த நாடு காப்பாற்றி, 1977 முதல் பெற்ற நாட்டுக்கே ஏற்றுமதியும் செய்தது. இமயத்தின் பனிச் சாலைகளில் ஓடும் வண்டி வங்கக் கடற்கரையில் பிறந்தது என்பதைப் பஞ்சாபி நண்பர்களுக்கு அவ்வப்போது நினைவூட்டுவது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினை உயிர்ப்பிப்பது ஒரு பூஜைக்கு ஒப்பானது. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முகவிளக்கின் மேலுள்ள ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்போது நிறுத்த வேண்டும். கைப்பிடியில் உள்ள ‘டீகம்ப்ரஷன்’ நெம்பை இழுத்துப் பிஸ்டனை உச்சியிலிருந்து மயிரிழை கடக்கச் செய்து, நெம்பை விட்டு, கிக்கர் மேலே வந்தபின் ஒரே உதை. முறை தவறி உதைத்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். கெண்டைக்காலில் அதன் அடையாளம் தாங்கியவர் பலர். ஆனால் அந்த எஞ்சினில் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத உறுப்பு ஏதும் இல்லை. கார்புரேட்டரில் தூசி அடைத்தாலும், பிளக்கில் கரி பிடித்தாலும், பிளாட்டினப் புள்ளி தேய்ந்தாலும், சிற்றூர்ச் சாலையோர மிஸ்திரி ஒரு ஸ்பேனரும் உப்புத்தாளும் கொண்டு அரை மணியில் ஓட வைத்து விடுவார்.

இதனாலேயே பழைய புல்லட்தான் உண்மையான வண்டி, பிற்காலத்தவை யாவும் போலி என்று வாதிடுவோர் உண்டு. அந்தக் கட்சியில் நாம் இல்லை. அதன் டிரம் பிரேக்கை நம்பி லாரியின் பின்னால் இறக்கத்தில் இறங்கியவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில், சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். என்னும் பிரேக் அமைப்பு இருக்க வேண்டும் என்பது 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் சட்டம். மழைச் சாலையில் எருமை குறுக்கிடும் வேளையில் அதன் அருமை தெரியும். பெட்ரோலை அளந்து செலுத்தும் மின்னணுக் கருவியும் அவ்வாறே. மலை மேல் காற்று மெலிந்தால் கார்புரேட்டர் அதனை அறியாது. பழைய அளவிலேயே பெட்ரோலை ஊற்றும். எஞ்சின் கரும்புகை கக்கித் திணறும். மின்னணுக் கருவியோ காற்றின் அழுத்தத்தை அளந்து அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்கும். அது பழுதானால் சாலையோர மிஸ்திரி கையை விரிப்பார் என்பது உண்மை. எல்லா வசதிக்கும் ஒரு விலை உண்டு. இந்த விலையை நாம் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். நாம் வைத்திருப்பது 411 சி.சி. ‘ஹிமாலயன்’. 2016-இல் வெளிவந்த மாதிரி; இப்போது அதன் உற்பத்தி நின்றுவிட்டது. 24 குதிரைச் சக்தி. 15 லிட்டர் டாங்க். 80 சென்டிமீட்டர் உயர இருக்கை. 200 கிலோவுக்குச் சற்றே குறைவான எடை. வேகப் பிரியர்கள் இதனைக் கண்டு நகைப்பார்கள். நகைக்கட்டும்.

பழுது பார்ப்பதைப் பற்றிச் சொல்லும்போது ராபர்ட் பர்சிக் என்னும் அமெரிக்கரை விட்டுவிட முடியாது. அவர் 1968-இல் தம் சிறு மகனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, 305 சி.சி. ஹோண்டா ஒன்றில் மினியாபொலிஸிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை சென்றார். அதைக் கொண்டு அவர் எழுதிய ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ என்னும் நூலை 121 பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினர்; 1974-இல் அது வெளிவந்து பல லட்சம் பிரதிகள் விற்றது. காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் தத்துவம் பயின்றவர் அவர் என்பது நம் நேயர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். அந்நூலின் தத்துவப் பகுதிகள் யாவும் நமக்கு உடன்பாடு என்று சொல்ல மாட்டோம். சில பகுதிகள் மிக நீளம். ஆனால் ஒரு கருத்து நெஞ்சில் தைத்தது. வண்டியில் ஏறிச் சுகம் காண விரும்பிக்கொண்டே, அதன் உள்ளே இருப்பதைத் தொட மறுப்பவன், தான் வாழும் உலகோடு பாதி உறவே வைத்திருக்கிறான் என்பது அது. செயினுக்கு எண்ணெய் இடுவது, டயரில் காற்று அளப்பது, ஸ்போக் கம்பிகளைத் தட்டி ஓசை கேட்பது ஆகிய இவை காலை வேளையில் பத்து நிமிஷ வேலை. தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். வீணைத் தந்தியைச் சுண்டிப் பார்ப்பவர் செய்வதும் இதுவே.

வேகத்துக்கு வருவோம். நேயர்கள் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நன்று. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். எதிரே ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை விநாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் 25 மீட்டர் போய்விடும். நல்ல தார்ச் சாலையில், நல்ல பிரேக்கில், நிற்பதற்கு மேலும் 23 மீட்டர். ஆக 48. வேகம் மணிக்கு 90 ஆனால் முதல் தொகை 37 மீட்டருக்கு மேல். இரண்டாம் தொகை ஒன்றரை மடங்காக வளராமல் இரண்டே கால் மடங்காக வளர்ந்து 52 ஆகும். மொத்தம் 90. இனி ஆதாயத்தைப் பார்ப்போம். டில்லியிலிருந்து அம்பாலா ஏறத்தாழ 200 கி.மீ. சராசரி 60-இல் போனால் மூன்று மணி இருபது நிமிஷம். சராசரி 75-ஐ எட்டினால் இரண்டு மணி நாற்பது நிமிஷம். மிச்சம் நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தை அம்பாலாவில் என்ன செய்வதாக உத்தேசம் என்று விரைபவர் எவரும் இதுவரை நமக்குச் சொன்னதில்லை.

வேகத்தைப் போலவே இருளும். நெடுவழியில் சூரியன் மறைந்த பின் ஓட்டுவதில்லை என்பது நம் வீட்டில் எழுதாத சட்டம். விளக்கில்லாத டிராக்டரும், நின்றுபோன லாரியின் பின்னால் வைத்த நாலு கற்களும், நடுச் சாலையில் அசை போடும் மாடும் இரவுக்கு உரியவை. மார்கழி தை மாதங்களில் வட நாட்டுச் சமவெளியில் காலைப் பனிமூட்டமும் இதனோடு சேரும். பத்து மணிக்கு முன் கிளம்புவதில் பயனில்லை.

இவை யாவும் ஒருங்கே சோதனைக்கு வரும் சாலை ஒன்று உண்டு. மணாலியிலிருந்து லே நகருக்குப் போகும் சாலை அது. இந்தியாவில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஒவ்வோர் இளைஞரும் அதனைப் பற்றிக் கனவு காண்கிறார் என்றால் மிகையாகாது. 2020 வரை 470 கி.மீ.க்குச் சற்றே கூடுதலாக இருந்தது. வேனிலில் சில மாதங்களே திறந்திருக்கும். தாந்தி என்னும் ஊரில் சந்திரா நதியும் பாகா நதியும் கலக்கின்றன. அவ்விடத்துப் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கி.மீ.க்கு அப்பால் என்று அறிவிக்கும் பலகை பல்லாண்டுகள் நின்றது. அங்கே டாங்கை நிரப்பியதோடு ஐந்து லிட்டர் தகரத்திலும் பிடித்துக்கொண்டு போவது வழக்கம். பாராலாச்சா கணவாய், காட்டா மலையின் 21 கொண்டையூசி வளைவுகள், மோரே சமவெளி, தங்லங் கணவாய் என்று சாலை உயர்ந்துகொண்டே செல்லும். உருகும் பனி ஓடைகளாகிச் சாலையைக் குறுக்கே கடக்கும். வெயில் ஏற ஏறப் பனி உருகுதலால் காலையில் கணுக்கால் அளவு ஓடும் நீர் பிற்பகலில் முழங்காலைத் தொடும். ஆதலின் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். எஞ்சிய பாதையில் கல்லுடைத்துத் தார் ஊற்றிச் சாலையை உயிரோடு வைத்திருப்பவர்கள், 1960-இல் அமைந்த எல்லைச் சாலை நிறுவனத்தின் தொழிலாளர்கள். அவர்களுள் பலர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். காட்டு நாட்டில் பிறந்து பாலைக் குளிரில் உழைக்கிறார்கள். நாம் கையசைத்துவிட்டுக் கடந்து போகிறோம், அவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

அச்சாலையில் உண்மையான அபாயம் பள்ளமன்று, காற்று. 5,300 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். எஞ்சின் களைப்பது போலவே உடலும் களைக்கும். 3,000 மீட்டருக்கு மேல், ஒவ்வொரு நாளும் உறங்கும் இடத்தை 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்த வேண்டும் என்பது மருத்துவர் விதி. 2020 அக்டோபரில் 9 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. பயணத்தில் 46 கி.மீ. தூரமும் சில மணி நேரமும் மிச்சம். இது பெரும் நன்மையே. ஆனால் உடலுக்கு இந்த மிச்சம் ஒரு சோதனையாயிற்று. 2,050 மீட்டரில் உள்ள மணாலியில் காலை உணவு உண்டவர், 4,290 மீட்டரில் உள்ள சர்ச்சூவில் இரவு படுக்கை விரிக்க முடிகிறது. சாலை சுருங்கியது, உடல் பழகுவதற்கு வேண்டிய நாட்கள் சுருங்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆனி மாதக் கடைசியில் நாங்கள் இருவரும், வேறு வண்டிகளில் அலுவலக நண்பர்களான இளைஞர் இருவரும் அவ்வழியே சென்றோம். பிற்பகல் இரண்டு மணிக்கு 3,200 மீட்டரில் உள்ள ஜிஸ்பாவை அடைந்தோம். நல்ல வெயில். சர்ச்சூவுக்கு இன்னும் மூன்று மணி நேரந்தான் என்றார்கள் இளைஞர்கள். நம் மனைவியார் கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “தலை கனக்கிறது. இன்றைக்கு இதற்கு மேல் ஏற வேண்டாம். வேண்டுமானால் நீங்கள் போங்கள், நான் நாளைக்கு பஸ்ஸில் வருகிறேன்” என்றார். அவர் பஸ்ஸில் வரப்போவதில்லை என்பதும், நாம் அவரை விட்டுப் போகப் போவதில்லை என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். “பாபீஜி, மாத்திரை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்” என்று மூத்தவர் மன்றாடிப் பார்த்தார். அவர் அசையவில்லை. இளைஞர்கள் போனார்கள், நாங்கள் ஆற்றங்கரையில் இரண்டு இரவு தங்கினோம்.

மூன்றாம் நாள் காலை நாங்கள் கிளம்பும் வேளையில் மேலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. உள்ளே இளையவர் படுத்திருந்தார். சர்ச்சூவில் முதல் இரவே வாந்தி. ஒரு நாள் பொறுத்தால் சரியாகும் என்று கூடாரத்திலேயே கிடந்திருக்கிறார். இரண்டாம் இரவு விடியும் முன் எழுந்து நடக்கையில் குடித்தவர்போலத் தள்ளாடியிருக்கிறார். தள்ளாட்டம் வந்துவிட்டால் ஒரு கணமும் தாமதியாமல் கீழே இறக்க வேண்டும். மூளையில் நீர் கோத்திருப்பதற்கு அது அடையாளம். கூடாரக்காரர் அறிந்தவராதலால் உடனே ஜீப் பிடித்துக் கொடுத்திருந்தார். கேலாங் ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொடுத்தார்கள். மறுநாள் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டார். இருபத்தாறு வயது, நாள்தோறும் உடற்பயிற்சி செய்பவர். மலை நோய் வலிமை பார்த்து வருவதன்று. அவருடைய வண்டி சர்ச்சூவில் இருந்தது. ஒரு லாரியில் ஏற்றிக் கொணர்வதற்கு அவர் கொடுத்த கூலியைக் கேட்டு நாம் வியந்தோம்.

நாங்கள் லே நகரை ஐந்தாம் நாள் மாலை அடைந்தோம். அங்கும் ஒரு நாள் சும்மா இருந்துவிட்டு, கார்துங் கணவாய்க்கு ஏறினோம். 18,380 அடி என்றும், மோட்டார் ஓடும் சாலைகளில் உலகிலேயே உயர்ந்தது என்றும் அங்கே பலகை நெடுநாள் பறைசாற்றியது. கருவி கொண்டு அளந்தவர்கள் கண்ட உயரம் 5,359 மீட்டர், அடியில் 17,582. பலகை ஏறக்குறைய 800 அடி கூட்டிச் சொன்னது. உலகில் உயர்ந்தது என்னும் பட்டமும் 2021-ஆம் ஆண்டிலேயே 5,798 மீட்டரில் உள்ள உம்லிங் கணவாய்ச் சாலைக்குப் போய்விட்டது. ஆயினும் பலகையின் கீழே படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் வரிசையாக நின்றது. நாமும் நின்றோம், பெருமைக்காக அன்று, வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக. மனைவியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கால் மணி ஆகியிருந்தது. நம் முறை வருவதற்கு முன்னே ஏழு பேர் இருந்தார்கள். வண்டியைத் திருப்பினோம். ஒரு மணி நேரம் கழித்துத் தெற்குப் புல்லு சாவடியில் சூடான தேநீர் கிடைத்தது.